குரலுக்கு அடியில் ஓடிய இரைச்சல்

நடந்தவை, வரிசைப்படி:

1. கப்பல் ஏஜென்ட் ஒருவரின் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. மதுரையில் அறுவை செய்து குரல்வளையை எடுத்தார்கள். உயிர் பிழைத்தார். பேச்சு போயிற்று.

2. அப்போது அவர் மகள் கைக்குழந்தை. அப்பாவின் குரல் அவளுக்கு நினைவில்லை.

3. அவர் குரல் பதிவாகி இருந்தது ஒரே இடத்தில்தான். முத்துக்குளிப்பைப் பற்றிய ஒரு பழைய பதினாறு மில்லிமீட்டர் படத்தில்.

4. படத்தின் சொந்தக்காரர்கள் ஊரைக் காலி செய்துகொண்டு சென்னைக்குப் போக இருந்தார்கள். சனிக்கிழமை காலைக்குள் சுருளைத் திருப்பித் தர வேண்டும்.

5. நான் வேலை பார்க்கும் மைக் செட் கடைக்குக் குமாஸ்தா அந்தச் சுருளைக் கொண்டுவந்தார். குரலை டேப்பில் ஏற்றித் தரக் கேட்டார்.

6. ஏற்றினேன். குரலைவிட இரைச்சல் அதிகமாக ஏறியது.

7. இரைச்சலை வடிகட்டினேன். குரலும் சேர்ந்து வடிந்துபோனது.

8. கடைக்குப் பின்னால் மண்ணைத் தோண்டினோம்.

9. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுபடி ஏற்றினேன்.

எண் போட்டு எழுதினால்தான் எனக்கு ஒரு விஷயம் பிடிபடும். பெண்கள் பாலிடெக்னிக்கில் மூன்று வருஷமும் ஆய்வகக் குறிப்புகளை அப்படி எழுதிப் பழகியது. கடைக்குப் போகிற அம்மாவுக்குச் சாமான் பட்டியல் எழுதிக் கொடுத்தாலும் எண் போட்டுவிடுவேன். "நம்பர் எதுக்குளா? பலசரக்குக் கடை அண்ணாச்சி, இது என்ன பரீட்சப் பேப்பரான்னு கேக்காரு" என்பாள்.

எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்தபின் எனக்குக் கிடைத்த முதல் வேலை இந்தக் கடை. முத்தையாபுரத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கினால் நடந்துவிடலாம். கல்யாணம், கோயில் கொடை, சப்பரம், கூட்டம் எதுவானாலும் மைக் செட் வாடகைக்குப் போகும். ரேடியோ பழுது பார்ப்போம். பதினாறு மில்லிமீட்டர் புரொஜெக்டர் ஒன்றும் உண்டு. ஏதோ ஒரு வெளிநாட்டுக் கப்பலில் மாலுமிகளுக்குப் படம் காட்ட வைத்திருந்த இயந்திரம் அது. கப்பலைவிட்டு எப்படி இறங்கியது என்று முதலாளியிடம் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்லுவார். நம் ஊர் மின்சாரம் அதற்கு ஒத்துவராது என்பதால் பக்கத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர் பெட்டி இருக்கும். மேசைக்கு அடியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடக்கும். புரொஜெக்டரைத் தொடுகிறவர் முதலில் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி சொல்லிக்கொடுத்த முதல் விஷயம் அது.

"மெசின் கடிக்கும். பயப்படாத. செருப்பப் போட்டுட்டுத் தொட்டா ஒண்ணும் செய்யாது."

நானும் போட்டுக்கொண்டேன். கடைக்கு ஒரு வழக்கம் இருந்தால் அதன்படி நடப்பதுதானே முறை.

குமாஸ்தாவும் அவர் மனைவியும் திங்கட்கிழமை காலை வந்தார்கள். அவர் கழுத்தைச் சுற்றி வெள்ளை மல் துணி ஒன்று தொங்கியது. அதற்குப் பின்னால்தான் அவர் மூச்சு விடும் துளை. கையில் மஞ்சள் பை, பைக்குள் தகர டப்பாவில் படச்சுருள், ஒரு சின்னச் சிலேட்டு, ஈரத் துணி. அவரைப் பார்த்ததும் முதலாளி எழுந்து நின்றுவிட்டார்.

"இவியளத் தெரியாதாம்மா உனக்கு? நான் தொழில் ஆரம்பிச்சப்ப என் மைக்குல மொதல்ல பேசினதே இவியதான். இவிய பேசினா ஆம்ப்ளிபயரே வேண்டாம். சும்மா அலங்காரத்துக்குத்தான் ஹாரன் கட்டுவேன்."

"வீட்டுலயும் அப்பிடித்தான் அண்ணாச்சி" என்றார் மனைவி. "என்கிட்ட ரகசியம் சொன்னாவன்னா அடுத்த வீட்டுக்காரி எங்கிட்ட வந்து விளக்கம் கேப்பா."

குமாஸ்தா சிலேட்டை எடுத்து எழுதி எங்கள் பக்கம் திருப்பினார். "பொய்" என்று இருந்தது. துடைத்துவிட்டு மறுபடி எழுதினார். "பாதி பொய்."

படத்தைப் பற்றிய விவரத்தை மனைவிதான் சொன்னார். கடைசியாக இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கேமரா ஆசை பிடித்த அந்தக் கப்பல் ஏஜென்ட் ஆள் வைத்து எடுத்த படம். விளக்கம் சொல்ல நல்ல குரல் வேண்டும் என்று தேடி, தம் அலுவலகத்திலேயே இருந்த குமாஸ்தாவைப் பேசவைத்திருக்கிறார். வெளியூர் விருந்தாளிகள் வந்தால் போட்டுக் காட்டுவாராம். இப்போது அவரும் இல்லை, அலுவலகமும் மூடியாயிற்று. அவருடைய மகன்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்டதற்கு ஒரு வாரம் இரவல் கொடுத்திருந்தார்கள்.

"டேப்புல எடுத்து என்ன செய்யப் போறிய?" என்று முதலாளி கேட்டார்.

"பிள்ளைக்குத்தான். ரெண்டாங் கிளாசு படிக்கா. கூடப் படிக்குற ஒருத்தி, உங்க அப்பா ஊமையான்னு கேட்டுட்டாளாம். இவ வந்து எங்கிட்ட கேக்கா. இல்லளா, நல்லாப் பேசினவியதான்னு சொன்னேன். அப்பம் எப்பிடிப் பேசுவாவன்னு கேக்கா. நான் என்னத்தப் பேசிக் காட்ட?"

குமாஸ்தா அந்த நேரம் எங்களைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த ஹாரன்களை எண்ணுகிறவர்போல மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த மாதிரிப் படங்களில் ஒலி இருக்கும் இடம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. படச்சுருளின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய பட்டை ஓடும். பேச்சும் இசையும் அதில் வெளிச்சமும் நிழலுமாக அச்சாகியிருக்கும். புரொஜெக்டருக்குள் ஒரு சின்ன விளக்கு அந்தப் பட்டையின் வழியே ஒளியைப் பாய்ச்சும். மறுபக்கத்தில் இருக்கும் போட்டோசெல் ஒளியின் ஏற்ற இறக்கத்தை மின்சாரமாக்கும். அதை ஆம்ப்ளிபயர் பெரிதாக்கினால் ஒலி. ஆக, அங்கே குரல் என்பது நடுங்கும் வெளிச்சம்தான். வேறு எந்த வெளிச்சம் நடுங்கினாலும், வேறு எங்கிருந்து மின்சாரம் கசிந்தாலும், அதுவும் ஒலியாகிவிடும்.

அன்றே சுருளைப் போட்டு, புரொஜெக்டரிலிருந்து வயர் இழுத்து ஸ்பூல் டேப்பில் ஏற்றினேன். ஏற்றியதைப் போட்டுக் கேட்டோம். குரல் இருந்தது. அதற்கு அடியில், ஆரம்பம் முதல் முடிவுவரை, ஓர் உறுமல். கடையில் அதை ஹம் என்போம். வருகிறவர்கள் இரையுது என்பார்கள்.

"நடுவுல ஒரு லாரி நிக்குத மாதிரி இருக்கே" என்றார் மனைவி.

"ஹம் இல்லாத மெசின் இந்த ஊர்லயே கெடையாதும்மா" என்றார் முதலாளி. "கடலு இரையலயா? அத யாரு நிறுத்துதா? இத்தன வருசம் படம் ஓட்டுதேன், ஹம்மு கேக்குன்னு ஒருத்தன் எந்திரிச்சுப் போனதில்ல."

படம் பார்க்க வந்தவர்களுக்கு எதிரே திரை இருந்தது. டேப்பில் திரை கிடையாது. அதை நான் சொன்னபோது குமாஸ்தா விரலால் மேசையைத் தட்டி என்னை ஆமோதித்தார்.

செவ்வாய்க்கிழமை முழுக்க வடிகட்டும் வேலை. உறுமல் என்பது கீழ்ச்சுருதி. கண்டென்சரும் ரெசிஸ்டரும் சேர்த்து ஒரு சின்னச் சர்க்யூட் கட்டி, கீழ்ச்சுருதியை எல்லாம் வெட்டிவிட்டு டேப்பைக் கேட்டேன். உறுமல் முக்கால்வாசி போயிருந்தது. எனக்குத் திருப்தி. சாயங்காலம் மனைவி மட்டும் வந்தார். ஹெட்போனை மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எம்மா, கோவிச்சுக்கிடாத. அவியளுக்கு ஒரு தம்பி இருந்து, அவனுக்கு ஜலதோசமும் பிடிச்சிருந்தா இப்பிடிப் பேசியிருப்பான். இது அவிய இல்ல."

அவர் சொன்னது சரி. குமாஸ்தாவின் குரல் அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த குரல். அந்தக் கனம் இருக்கும் இடமும் உறுமல் இருக்கும் இடமும் ஏறக்குறைய ஒன்று. ஒன்றை வெட்டினால் மற்றது வெட்டுப்படும். பதிவான பிறகு இரைச்சலை எடுக்க முடியாது, பதிவாகும் முன்பே அது வராமல் செய்ய வேண்டும். பாடப்புத்தகத்தில் இது இரண்டு வரியில் இருக்கிறது. எனக்கு அது அந்த ஜலதோஷத் தம்பியால்தான் புரிந்தது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. சுருள் பழையது. ஓரத் துளைகள் சில கிழியத் தொடங்கியிருந்தன. திங்கட்கிழமை ஓட்டியபோதே ஒட்டுப்போட்ட இடங்களில் படக் படக்கென்று அடித்தது. சோதனைக்காகத் திரும்பத் திரும்ப ஓட்டினால் சனிக்கிழமை திருப்பித் தரச் சுருள் இருக்காது. பாதி வாக்கியத்தில் அறுந்தால் போன வார்த்தை போனதுதான்.

அப்போதுதான் தோன்றியது: இரைச்சலைத் தேடப் படம் எதற்கு? படம் போடாமல் இயந்திரத்தை மட்டும் ஓடவிட்டேன். விளக்கு எரிந்தது, மோட்டார் சுற்றியது, உறுமல் அப்படியே இருந்தது. நல்ல செய்தி. இரைச்சல் படத்தில் இல்லை, இயந்திரத்தில் இருக்கிறது.

சந்தேகத்துக்கு உரியவற்றை எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போனேன். முதலாவது மாட்டியது தலைக்கு மேலே எரிந்த டியூப் லைட். புரொஜெக்டரின் ஒலிப் பகுதிக்கு ஒரு மூடி இருந்திருக்க வேண்டும். அது கப்பலிலேயே தங்கிவிட்டது போலும். டியூப் லைட் நம் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். போட்டோசெல்லுக்குத் தெரியும். லைட்டை அணைத்தேன். உறுமலில் இருந்த கரகரப்பு குறைந்தது. பிஸ்கட் தகரத்தை வெட்டி வளைத்து ஒரு மூடி செய்தேன்.

இரண்டாவது, ஒலிக்கென்று இருக்கும் அந்தச் சின்ன விளக்கு. எனக்கு முன்னால் யாரோ பழுது பார்த்தபோது அதற்கு நேரடியாக டிரான்ஸ்பார்மரிலிருந்து மின்சாரம் கொடுத்திருந்தார்கள். அப்படிக் கொடுத்தால் விளக்கும் துடிக்கும். ஊர்வலங்களுக்குத் தள்ளுவண்டியில் மைக் செட்டோடு போகும் கார் பாட்டரி ஒன்று கடையில் இருந்தது. முழுதும் கொடுத்தால் விளக்கு கருகிவிடும் என்பதால், அதில் பாதி அறைகளிலிருந்து மட்டும் இணைப்பு எடுத்து விளக்குக்குக் கொடுத்தேன். பாட்டரி வெளிச்சம் துடிக்காது. உறுமல் இன்னும் ஒரு படி இறங்கியது.

"பாட்டரிய நாளைக்கு ஒரு கல்யாணத்துக்குக் கேட்டிருக்காவ" என்றார் முதலாளி.

"வெள்ளிக்கிழமை வரை வேணும் அண்ணாச்சி."

"அப்பம் மாப்பிள்ளைய நடந்து வரச் சொல்லிருதேன். பாட்டு இல்லாம."

ஆனாலும் வேறொரு பாட்டரியை எங்கேயோ இரவல் வாங்கி அனுப்பினார்.

மீதி உறுமல் அசையவில்லை. புதன்கிழமையின் மீதி நேரம் முழுவதும் அதோடு போயிற்று. ஆம்ப்ளிபயரின் பெரிய கண்டென்சர்களை மாற்றினேன். போட்டோசெல் வயரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். நம் ஊர்க் காற்றில் செம்பு எதுவும் பச்சை பிடிக்காமல் இருக்காது. டேப் ரெக்கார்டரைத் தூரத் தள்ளி வைத்துப் பார்த்தேன், திருப்பி வைத்துப் பார்த்தேன். எழுதிவைத்ததில் எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். உறுமல் அடிபடவில்லை.

வியாழக்கிழமை குமாஸ்தா மட்டும் வந்தார். செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். அவர் அப்படித்தான், கடையானாலும் வீடானாலும். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மேசைமேல் குனிந்திருந்தேன். அவர் அருகில் வந்து நின்று, என்ன நிலவரம் என்று கேட்பதற்காகப் புரொஜெக்டர்மேல் கையை வைத்தார்.

என் காதில் உறுமல் பாதியாகக் குறைந்தது.

உடனே "சுருக்"கென்று கடித்திருக்க வேண்டும், கையை உதறி எடுத்தார். உறுமல் பழையபடி வந்தது.

"தொடாதிய, கடிக்கும்" என்று முதலாளி கல்லாவிலிருந்தே சொன்னார். "செருப்பு கீழ கெடக்கு பாருங்க."

நான் செருப்பைக் கழற்றினேன். சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நின்று ஒரு விரலின் பின்பக்கத்தால் இயந்திரத்தைத் தொட்டேன். கடித்தது. உறுமல் குறைந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு தொட்டேன். கடிக்கவில்லை. உறுமலும் குறையவில்லை. ஹெட்போனைக் குமாஸ்தாவின் காதில் வைத்து மறுபடி ஒரு முறை செய்து காட்டினேன். அவர் சிலேட்டில் எழுதினார்: "எர்த் இல்லையா?"

எர்த் இருக்கிறது என்றுதான் இத்தனை நாளும் எல்லோரும் நம்பியிருந்தோம். மின்சாதனத்தின் உடம்பில் கசியும் மின்சாரம் மண்ணுக்குப் போக ஒரு வயர் வேண்டும். கடைக்குப் பின்னால் குழாய் புதைத்து, அதிலிருந்து வயர் வந்திருக்கிறது. அந்த வயர் செய்ய வேண்டிய வேலையைக் குமாஸ்தாவின் வெறுங்கால் செய்திருந்தது. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டே வேலை செய்ததால் எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

பல்பு ஒன்றை எடுத்து, ஒரு வயரைக் கரண்டிலும் மற்றதை எர்த்திலும் கொடுத்தேன். எர்த் நன்றாக இருந்தால் பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். உள்ளே இழை மட்டும் லேசாகச் சிவந்தது. அடுப்பில் அணைந்துபோன கரித்துண்டு மாதிரி.

முதலாளி ஒப்புக்கொள்ளவில்லை. "உப்பளத்து மண்ணும்மா இது. வெளியூர்ல எல்லாம் எர்த் குழியில மூட்ட மூட்டையா உப்பு கொட்டுதான், கரி கொட்டுதான், தண்ணி ஊத்துதான். நமக்கு அதுலாம் எதுக்கு? மண்ணே உப்பு. நம்மூர் மாதிரி எர்த் எங்கயும் பிடிக்காது."

மண்ணைப் பற்றி அவர் சொன்னதில் தவறில்லை. நானும் அப்படி நினைத்துத்தான் எர்த்தை என் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. இந்த ஊரில் பிறந்தவர்கள் யாரும் சேர்த்திருக்க மாட்டார்கள். கடப்பாரையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். ஒரு முழம்கூடத் தோண்டியிருக்க மாட்டேன், முதலாளி பின்னாலேயே வந்துவிட்டார்.

"குடு இங்கன. பொம்பளப் பிள்ளைய வச்சுக் கெணறு தோண்டுதான்னு எவனாவது சொல்லுவான்."

அவர் தோண்டினார். குமாஸ்தா மண்ணைக் கையால் அள்ளி ஒதுக்கினார். நான் வேண்டாம் என்றதற்குத் தோளை மட்டும் அசைத்தார். குழாயின் தலை தெரிந்ததும் நான் குனிந்து வயரைப் பிடித்தேன். இழுக்கவே இல்லை, பிடித்தேன், கையோடு வந்துவிட்டது. செம்பு வயரை இரும்புக் குழாயில் நேராகச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். இரண்டு வகை உலோகமும் உப்பு ஈரமும் சேர்ந்தால் அது ஒரு சின்ன பாட்டரி. ஒன்று மற்றதை அரித்துக்கொண்டே இருக்கும். கட்டு இருந்த இடத்தில் பச்சையும் பழுப்புமாக மாவு மட்டும் மிச்சம். மண் அருமையான மண்தான். அதைத் தொட வேண்டிய வயரைத்தான் அந்த மண்ணே தின்றிருந்தது.

முதலாளி கடப்பாரையை ஊன்றிக்கொண்டு அந்த மாவைப் பார்த்தார்.

"அப்பம் இத்தன வருசமா மெசினு கடிச்சது இதுக்குத்தானா?"

"ஆமா அண்ணாச்சி."

"அதுக்குப் போயி செருப்பு வாங்கிப் போட்டிருக்கேன் நான்." சிறிது யோசித்துவிட்டு, "அதுவும் மூணு ஜோடி" என்றார்.

குமாஸ்தாவின் தோள்கள் குலுங்கின. அவர் சிரிப்பில் சத்தம் கிடையாது. கழுத்துத் துணி மட்டும் படபடக்கும்.

குழாயை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துத்தநாகம் பூசிய இரும்பு வயரை நட்டும் போல்ட்டுமாக இறுக்கினேன். ஒரே வகை உலோகம். கட்டின்மேல், வள்ளங்களுக்கு அடியில் பூசும் தாரைக் காய்ச்சிக் கனமாகப் பூசினோம். உள்ளே வந்து புரொஜெக்டர், டிரான்ஸ்பார்மர், டேப் ரெக்கார்டர் மூன்றையும் ஒரே இடத்தில் கட்டி அந்த வயரில் சேர்த்தேன். தனித்தனியாக எர்த் செய்தால் வயர்களுக்குள்ளேயே மின்சாரம் வட்டமடித்து அதுவும் உறுமும். பல்பு வைத்துப் பார்த்தபோது கண் கூசியது. ஹெட்போனைப் போட்டேன். முதலில், ஏதோ வயர் கழன்றுவிட்டது என்று நினைத்தேன். விளக்கின்முன் விரலை ஆட்டினேன். "டப் டப்" என்று கேட்டது. எல்லாம் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. உறுமல் இல்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் மகளையும் கூட்டிக்கொண்டு மூவரும் வந்தார்கள். முதலாளி சுவரில் வேட்டி கட்டித் திரை செய்திருந்தார். தேவையில்லை என்றேன். "பிள்ள சும்மா இருட்டுக்குள்ளயா உக்காந்திருக்கும்?" என்றார்.

டேப்பைப் பதிவில் போட்டேன், படம் ஓடத் தொடங்கியது. வள்ளங்கள் வரிசையாகக் கடலுக்குப் போயின. இடுப்பில் கயிற்றோடு ஒருவர் கல்லை மிதித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். கரையில் சிப்பிகள் குவியல் குவியலாகக் கிடந்தன. பிரித்துப் பார்க்காமலே அவற்றை ஏலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குரல் கணீரென்று இருந்தது. கனமும் இருந்தது. மனைவி இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு திரையைப் பார்க்காமல் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அச்சடித்த தமிழில், அழுத்தம் திருத்தமாக, "ஆழ்கடலின் அடியில் உறங்கும் செல்வத்தை நாடி" என்று குரல் போய்க்கொண்டிருந்தது.

பாதிப் படத்தில் மகள் அம்மாவின் சேலையை இழுத்தாள்.

"அப்பா எப்பம் பேசுவாவ?"

"இதுதாம்ளா அப்பா."

"இது ரேடியோல்லா?"

"ரேடியோ இல்ல. அப்பாதான் பேசுதாவ. கேளு."

"பள்ளிக்கூடத்துச் சாரு மாதிரி இருக்கு" என்றாள் மகள். கொஞ்ச நேரத்தில் காலை ஆட்டத் தொடங்கிவிட்டாள். டிரான்ஸ்பார்மரின் விளக்கு அவளுக்கு அதைவிடச் சுவாரசியமாக இருந்தது. குமாஸ்தா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து வேட்டியின் நுனியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். சிலேட்டு பைக்குள்ளேயே இருந்தது. ஒரு வாரம் செய்த வேலை சரியாக வந்துவிட்டது, ஆனால் வந்தது அவளுக்கு வேண்டிய பொருள் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. சரிசெய்ய என்னிடம் வேறு எதுவும் இல்லை.

விளக்கம் முடிந்தது. கடைசிக் காட்சி வெறும் கடல். அதற்குப் பேச்சில்லை. இசையும் போடவில்லை. டேப்பை நிறுத்தலாம் என்று கையைக் கொண்டுபோனவள், ஹெட்போனில் ஏதோ கேட்டதால் நிறுத்தாமல் ஒலியைக் கூட்டினேன். படம் எடுத்த காலத்தில், பதிவறையில் விளக்கம் முடிந்த பிறகும் டேப்பை ஓடவிட்டிருக்கிறார்கள். படத்தில் ஏற்றியவர் அந்த இடத்தில் ஒலியைத் தாழ்த்தியிருக்கிறார். முழுக்க அணைக்கவில்லை. இத்தனை வருஷம் எந்த இயந்திரத்தில் ஓட்டினாலும் அதன் உறுமல் மேலே மூடிக்கொண்டிருந்திருக்கும். இப்போது மூட ஒன்றும் இல்லை.

தூரத்திலிருந்து வருவதுபோல அதே குரல், வேறு தமிழில்:

"முடிஞ்சிட்டா? ஏலே, அந்த ஃபேன இப்பமாவது போடுவியா? சட்டையப் பிழிஞ்சு ஒரு வாளி எடுக்கலாம் போலருக்கு."

வேறொரு குரல்: "இரும் அண்ணாச்சி, இன்னும் ஓடுது."

"ஓடட்டும்லே. இத யாரு கேக்கப் போறா?"

பிறகு சிரிப்பு. பெரிய, அறை நிறைந்த சிரிப்பு. அதன் நடுவிலேயே படம் முடிந்து திரை வெள்ளையானது.

மகள் கால் ஆட்டுவதை நிறுத்தியிருந்தாள். ஸ்பீக்கரைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"இதுதான்" என்றார் மனைவி, யாரையும் பார்க்காமல். "இப்பிடித்தான். இதேதான்."

"அப்பாவா?"

"ஆமளா."

மகள் பெஞ்சிலிருந்து இறங்கிப் போய் அப்பாவின் முன்னால் நின்றாள். "நீங்க சட்டையப் பிழிஞ்சியளாப்பா?" என்று கேட்டாள்.

குமாஸ்தா பையிலிருந்து சிலேட்டை எடுத்தார். எழுத நேரம் பிடித்தது. எழுதியதை அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். "அவன்... கடைசி வரை... ஃபேன் போடவே இல்லை."

முதலாளி முதலில் சிரித்தார். டேப்பைத் திருப்பிச் சுற்றச் சொல்லி மகள் என்னிடம் வந்தாள். அந்த இடத்தை மட்டும் போட்டேன். மறுபடி கேட்டாள். மறுபடி போட்டேன். மூன்றாம் தடவை "ஏலே" என்று குரல் வருவதற்கு முன்பே அவள் சொல்லிவிட்டாள். குமாஸ்தாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெண்பிள்ளை அப்படிப் பேசக்கூடாது என்று சொல்வதற்குத்தான் சிலேட்டைத் தேடினார் என்று நினைக்கிறேன். தேடியவர் அதை எடுக்காமல் விட்டுவிட்டார்.

இப்போதைய நிலவரம். படச்சுருள் சனிக்கிழமை காலை கிழியாமல் திருப்பிக் கொடுக்கப்பட்டு, சென்னைக்குப் போய்விட்டது. ஸ்பூல் டேப் எங்கள் கடை அலமாரியில் இருக்கிறது. அதிலிருந்து எடுத்த கேசட் அவர்கள் வீட்டில் இருக்கிறது. நேற்று மனைவி அதைக் கொண்டுவந்து காட்டினார். விளக்கம் உள்ள பகுதி புதிதாகவே இருக்கிறது. கடைசியில் உள்ள சின்னப் பகுதி மட்டும் ஓடி ஓடித் தேய்ந்து, சிரிப்பு மங்கலாகிவிட்டது. அதை மட்டும் புதிதாக ஒரு கேசட்டில் ஏற்றிக் கொடுத்தேன், இரண்டு பக்கத்திலும்.